பைத்தானை ஆழமாகக் கற்க எந்தப் புத்தகம்? வாங்கும் முன் இதைக் கவனியுங்கள்

மூன்று மாதம் பைத்தான் கோர்ஸ் முடித்தாச்சு. லூப், ஃபங்ஷன், லிஸ்ட் எல்லாம் எழுத வருகிறது. ஆனால் இன்டர்வியூவில் "இந்த புரோகிராம் ஏன் இப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டால் பதில் வரவில்லை. இந்த இடத்தில் நிற்கிறீர்களா? இன்னொரு தொடக்கநிலை வீடியோ பார்த்தால், தெரிந்ததையேதான் மறுபடியும் கேட்பீர்கள். இப்போது தேவை ஒரு நல்ல புத்தகம். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆழம் என்றால் என்ன?

ஒரு சின்ன சோதனை. பைத்தானில் ஒரு லிஸ்ட் உருவாக்குங்கள். அதை அப்படியே இரண்டாவது வேரியபிளுக்குக் கொடுங்கள். இப்போது இரண்டாவதில் ஓர் எண்ணைச் சேர்த்தால், முதலாவதிலும் அந்த எண் வந்து நிற்கும். ஏன்னா, அங்கே இருப்பது ஒரே லிஸ்ட்தான், அதற்கு இரண்டு பெயர்கள், அவ்வளவுதான்.

லிஸ்ட் எழுதக் கற்றுத் தருவது தொடக்கநிலைப் புத்தகம். இந்த "ஏன்னா"வைச் சொல்லித் தருவது ஆழமான புத்தகம். இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு நேரத்தில்.

நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள்?

முதல் படி: இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் எரிக் மேத்திஸின் 'பைத்தான் கிராஷ் கோர்ஸ்' பொருத்தமானது. முதல் பாதி அடிப்படை. இரண்டாம் பாதியில் ஒரு கேம், டேட்டா வரைபடங்கள், ஒரு வெப் ஆப் என மூன்று புராஜெக்ட்கள். அலுவலக எக்செல், பிடிஎஃப் வேலைகளைச் சுலபமாக்கத்தான் பைத்தான் என்றால், அல் ஸ்வைகார்ட்டின் 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' போதும்.

இரண்டாம் படி: சொந்தமாகச் சில நூறு வரிகள் எழுதிவிட்டீர்கள் என்றால் பிரெட் ஸ்லாட்கினின் 'எஃபெக்டிவ் பைத்தான்'. ஒவ்வொரு குறிப்பும் சில பக்கங்கள்தான். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம்.

மூன்றாம் படி: மொழியின் உள்கட்டமைப்பே புரிய வேண்டும் என்றால் லூசியானோ ராமல்ஹோவின் 'ஃப்ளூயன்ட் பைத்தான்'. ஏறத்தாழ 1,000 பக்கம். இப்போதுதான் பைத்தான் கற்கிறவர்களுக்கு இது கடினம் என்று முன்னுரையிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். 'பெஸ்ட் புக்' பட்டியலில் முதலில் இருக்கிறதே என்று இதை முதல் புத்தகமாக வாங்கினால், 50 பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடும். அது உங்கள் திறமைக் குறைவு இல்லை, படி மாறிவிட்டது.

பதிப்பு ஆண்டு ஏன் முக்கியம்?

7ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் 2இல் விடை 3. பைத்தான் 3இல் 3.5. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பைத்தான் 2 புத்தகத்தை வாங்கினால், பிரின்ட் செய்யும் முதல் வரியிலேயே எரர் வரலாம்.

சி மொழியிலும் இதே கதைதான். டர்போ சி காலத்துப் புத்தகங்களில் இன்டிஜர் அளவு 2 பைட் என்று இருக்கும். இன்றைய கணினிகளில் ஜிசிசி கம்பைலரில் அது பொதுவாக 4 பைட். பழைய விடையை மனப்பாடம் செய்துகொண்டு போனால், இன்டர்வியூவில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

'எஃபெக்டிவ் பைத்தான்' 2015இல் 59 குறிப்புகளோடு வந்தது. 2019 பதிப்பில் 90, 2024 பதிப்பில் 125. மொழி வளர வளரப் புத்தகமும் வளர்கிறது. 'ஃப்ளூயன்ட் பைத்தான்' வாங்கினால் 2022இல் வந்த இரண்டாம் பதிப்பா என்று பாருங்கள்.

வாங்கும் முன் 10 நிமிடச் சோதனை

மாதிரிப் பக்கங்களைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: நன்றாகத் தெரிந்த ஒன்று, அரைகுறையாகத் தெரிந்த ஒன்று, தெரியாத ஒன்று.

• தெரிந்த தலைப்பில்கூடப் புதிதாக ஏதாவது இருந்தால் நல்ல அறிகுறி.
• அரைகுறைத் தலைப்பு ஒரே வாசிப்பில் தெளிவானால், அது உங்களுக்கான புத்தகம்.
• தெரியாத தலைப்பில் ஒரு வரிகூடப் புரியவில்லை என்றால், ஆறு மாதம் கழித்து வாங்கலாம்.

காசு அதிகம் ஆகுமே?

ஆழமாகக் கற்க ஐந்து புத்தகம் வேண்டாம், ஒன்று போதும். பைத்தானின் அதிகாரப்பூர்வ டுடோரியல் இணையத்தில் இலவசம். ஸ்வைகார்ட் புத்தகத்தையும் அவருடைய இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஓ'ரெய்லி நிறுவனத்தின் புத்தகங்கள் பல, ஷ்ராஃப் பப்ளிஷர்ஸ் வழியாகக் கறுப்பு-வெள்ளை இந்தியப் பதிப்பாகக் கிடைக்கின்றன. வண்ணம் இல்லாததால் பாடம் குறையாது. இறக்குமதிப் பிரதிக்கு ஆர்டர் போடும் முன் இந்தியப் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எப்படிப் படிப்பது?

கதைப் புத்தகம் மாதிரிப் புரட்டினால் எதுவும் ஒட்டாது. ஒவ்வொரு உதாரணத்தையும் நீங்களே டைப் செய்யுங்கள். ரன் செய்யும் முன் விடை என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ரன் செய்யுங்கள். நீங்கள் எழுதியதும் திரையில் வந்ததும் வேறாக இருக்கிறதா? அங்கேயே நில்லுங்கள். காரணம் புரிந்த பிறகு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் நகர்ந்தாலும் போதும்.