வடிகான் யாருடையது?

நான் தமிழ் ஆசிரியன்; குடியுரிமைக் கல்வி என் பாடமல்ல. போன மாரியில் அந்தப் பாட ஆசிரியர் லீவில் நின்றதால் பத்தாம் தரத்துக்கு நான் போக வேண்டி வந்தது. வகுப்புக்குள் கணுக்கால் அளவு தண்ணி. "ஸேர், இதை யாருக்கிட்ட சொல்லணும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதிகாரப் பகிர்வை அங்கிருந்தே தொடங்கினேன்.

பாடசாலைக்கு முன்னால் போவது 'ஏ' வகுப்பு வீதி. அது மத்திய அரசின் பொறுப்பு. பக்கத்து ஒழுங்கை பிரதேச சபைக்குரியது. பாடசாலை மாகாணத்துக்குரியது. தண்ணியோ மூன்றையும் கடந்து வருகிறது. அதிபர் மூன்று கந்தோருக்கும் எழுதினார். ஒவ்வொன்றும் மற்றதைக் கைகாட்டியது. சட்டப்படி பார்த்தால் மூன்று பேர் சொன்னதும் சரிதான்!

1987இல் வந்த 13ஆவது திருத்தம் அதிகாரங்களை மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என மூன்றாக வகுத்தது. கல்வி மாகாணத்துக்கு என்கிறோம்; ஆனால் தேசிய பாடசாலைகள் மத்தியிடம். உள்ளூராட்சி சபைகளை மேற்பார்வை செய்வது மாகாணம். அவற்றின் அமைப்பை வகுப்பதோ பாராளுமன்றச் சட்டம். ஒருங்கிய நிரலில் இரு தரப்பும் சட்டம் ஆக்கலாம். முரண்பட்டால் பாராளுமன்றத்தின் சட்டமே நிற்கும். ஆக, கொடுத்த கை பிடியை விடவில்லை.

என்றாலும் எங்கட சமூகத்துக்கு இந்த நடுப்படி சின்ன விஷயமல்ல. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் எங்கட குரல் கரைந்து போகும். கிழக்கு மாகாண சபையில் அப்படியல்ல. 2012 செப்டெம்பர் 8ஆம் திகதித் தேர்தலில் மொத்தம் 37 ஆசனங்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. யாரும் தனியே ஆள முடியாது. மற்றவரோடு பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சில் எங்கட பேரம் சரியாக நடந்ததா என்பது வேறு வழக்கு.

அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே மாதம், பெண் வேட்பாளர் விகிதத்துக்காக வந்த மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலத்துக்குள், குழுநிலையில் வைத்துத் தேர்தல் முறையையே மாற்றினார்கள். முஸ்லிம் கட்சிகளின் உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். இதை நாங்கள் மறைத்துப் பேசக்கூடாது. புதிய முறைக்கான தொகுதி எல்லை அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்றது. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு திருத்தச் சட்டம் போதும். பொலிஸ், காணி என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கேட்பது குறைவு.

2025 மே 6இல் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தோம். மாகாணத்தை மட்டும் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்தான் நடத்துகிறார்.

பிள்ளைகளுக்கு இவ்வளவும் சொல்லி முடித்தபோது, 2012இல் இரண்டு வயதாக இருந்த பொடியன் ஒருவன் எழும்பினான்.

"அப்ப ஆளுநருக்கு எங்கட வாப்பா ஓட் போடேலாதா ஸேர்?"

"ஏலாது மகன்."

இந்த மாரிக்கும் அதிபர் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பிரதிகள், அதே முகவரிகள்.