மழைக்கு அஞ்சாத செங்கல்

மதுரை நகரின் மேற்கே செல்லும் பஸ்களில் ஏறி இறங்குவோர் 'காளவாசல்' என்ற பெயரை நாள்தோறும் பன்முறை கேட்கிறார்கள். காளவாசல் என்றால் செங்கல்லோ சுண்ணாம்போ சுடுகின்ற சூளை என்பது அவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? சூளையின் புகை மறைந்து, பெயர் மட்டும் நாற்சந்தியில் நிற்கிறது. ஆனால் செங்கல்லின் மீது ஜனங்களுக்குள்ள ஆசை மறையவில்லை. புதிதாக வீடு கட்டுவோர் பலர், முகப்புச் சுவரில் செந்நிற ஓடு பதிக்க விரும்புகிறார்கள். கடைக்காரர்கள் 'கிளாடிங்' என்று சொல்லும் மெல்லிய செங்கல் வில்லைகள்தாம் அவை.

நாமும் அந்த ஆசைக்கு ஆளானவர்களே. சில ஆண்டுகளுக்கு முன், நிறத்தை மட்டும் பார்த்து ஓடு வாங்கி நம் வீட்டு முகப்பில் பதித்தோம். முதல் ஐப்பசி கழிந்ததும் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. மூன்றாவது மழைக்காலத்தில் மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்ந்தது. விற்றவரிடம் கேட்டோம். "மழை அப்படிப் பெய்கிறது, ஐயா!" என்றார். மதுரையில் ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 850 மில்லிமீட்டர்தான். குற்றம் மழையினுடையதா, ஓட்டினுடையதா என்று ஆராயத் தலைப்பட்டோம்.

நம் முன்னோர் இதே மழையைத்தான் கண்டார்கள். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் செங்கற் சுவர்கள் வெளிப்பட்டன. இன்றைய செங்கல்லைக் காட்டிலும் அகன்று தட்டையான கற்கள் அவை. கூடவே கூரை ஓடுகளும் கிடைத்தன. மழைநீர் வழிந்தோட அவற்றில் வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. 2023-ல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர், பொன் அணிகளோடு இந்த ஓடுகளையும் காட்டவேண்டும்.

செங்கல்லைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதன்மேல் போர்வை போர்த்துவது. 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலில் செங்கற் கட்டுமானத்தின்மேல் வழவழப்பான சுண்ணச் சாந்து பூசியிருக்கிறார்கள். மற்றொன்று, செங்கல்லின் முகத்தையே வெயிலுக்கும் மழைக்கும் ஈடு கொடுக்கச் செய்வது. 1892-ல் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றக் கட்டடமும், தல்லாகுளத்து அமெரிக்கன் கல்லூரியின் பழைய செங்கட்டடங்களும் இவ்வழியைச் சேர்ந்தவை. முகப்பு ஓடும் இந்த இரண்டாவது வகையே.

இதன் இரகசியம் என்ன? முதலில் மண். களி மிகுந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் மிகுந்தால் பிடிப்பின்றி உதிரும். மண்ணில் சுக்கான் கல் கலந்திருந்தால் அது சூளையில் நீறாகி, பிறகு ஈரம் பட்டவுடன் பூத்துப் பருத்து, செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும். கரைகின்ற உப்பு இருந்தாலோ, நீரில் கரைந்து வெளியே வந்து, வெயிலில் நீர் ஆவியானபின் வெண்படலமாகத் தங்கும்.

அடுத்தது செய்முறை. ஆலைகளில் மண்ணை நன்கு பிசைந்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியெடுத்து, அச்சின் வழியே அழுத்தித் தள்ளிக் கம்பியால் அறுக்கிறார்கள். சாந்து பற்றுவதற்காகப் பின்புறத்தில் வரிகள் இடுகிறார்கள். மெல்லிய வில்லையாதலால் வெயிலில் அவசரமாக உலர்த்தினால் வளைந்துவிடும்; நிதானமாகவே உலர்த்தவேண்டும்.

மூன்றாவது நெருப்பு. சுமார் ஆயிரம் டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் மண்ணின் ஒரு பகுதி இளகி, கண்ணாடிபோல் ஆகித் துகள்களைப் பிணைக்கிறது, நுண்துளைகள் குறைகின்றன. விறகுச் செலவை மிச்சம் பிடித்து அரைவேக்காட்டில் எடுத்த கல்லுக்கு இந்தப் பிணைப்பு இராது. மேலே பளபளப்பாக வார்னிஷ் பூசி அதை மறைக்கலாம். ஆனால் பின்புறமாகப் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி அப்பூச்சையே தள்ளிவிடும்.

வாங்குமுன் சோதிப்பது எளிது. நம் மாணவர்களுடன் வகுப்பறையில் செய்து பார்த்தோம். நன்கு உலர்ந்த ஓட்டை நிறுத்து, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, மேல்நீரைத் துடைத்து மீண்டும் நிறுக்கவேண்டும். முகப்புச் செங்கல் தன் எடையில் 15 சதவீதத்துக்குமேல் நீர் குடிக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் வீட்டு ஓடு 400 கிராமிலிருந்து 500 கிராம் ஆயிற்று! "இருபத்தைந்து சதவீதம், சார்!" என்று பையன்கள் கூவினார்கள். நமக்கு வெட்கமாகவே இருந்தது. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்ற ஓசை வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். அவர்கள் தட்டியபோது மொத்தென்ற சப்தந்தான் கேட்டது.

வைகைக் கரையிலே மானாமதுரை இருக்கிறது. அவ்வூர்க் குயவர்கள் வனையும் கடம் சங்கீத மேடையில் ஒலிக்கிறது. அவ்வூர் மண்பாண்டங்கள் 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றன. கண்மாய் மண்ணைத் தேர்ந்து, கலந்து, பதமாகச் சுடும் அறிவு நம் அருகிலேயே இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? தொலைதூர ஓட்டின் நிறத்தில் மயங்குமுன், நம் சீமைச் சூளைக்காரரிடம் சென்று, "இத்தனை சதவீதத்துக்குமேல் நீர் குடிக்காத கல் வேண்டும்; அதற்குரிய விலை தருகிறோம்" என்று கேட்போர் பெருகவேண்டும். மலிவை மட்டும் கேட்டால் அரைவேக்காடே கிடைக்கும்.

சென்ற தை மாதம் நம் வீட்டு முகப்பைப் பெயர்த்து, சோதித்து வாங்கிய ஓடுகளைப் பதித்திருக்கிறோம். சுவரின் தலையில் நீர் இறங்காதபடி மூடுகல்லும் வைத்தாயிற்று. வரப்போகும் ஐப்பசி மழையை இப்போது பயமின்றி எதிர்பார்க்கிறோம்.