கைப்பிடியில் 90 மீட்டர் தண்ணீர்

வீட்டு டிகாஷன் ஃபில்டரில் தூளின் மேல் நிற்கும் வெந்நீர் மிஞ்சிப்போனால் ஒரு விரல் உயரம். அந்த நீரின் எடைதான் அதைத் தூளுக்குள் இறக்குகிறது. வேறு விசை எதுவும் இல்லை. அதனால்தான் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கால் மணி, அரை மணி ஆகிறது. இதே வேலை அரை நிமிடத்தில் முடியவேண்டும், அதுவும் இன்னும் நைசாக அரைத்து இறுக அமுக்கிய தூளில் முடியவேண்டும் என்றால், தூளின் மேல் ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தவேண்டும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமே சுமார் 72 மீட்டர்தான்.

இத்தாலியர்களின் எஸ்பிரெஸ்ஸோ காப்பிக்குத் தேவைப்படும் அழுத்தம் அவ்வளவு. 9 பார் என்பார்கள். கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு. மோட்டார், பம்பு எதுவும் இல்லாமல் ஒரு மனிதர் தன் கையாலேயே இதை உண்டாக்கிவிட முடியும் என்பதை நான் நம்பியது, அப்படி ஒரு இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்த பிறகுதான்.

அது 1970களில் மிலான் நகரில் செய்யப்பட்ட யூரோபிக்கோலா. லா பவோனி நிறுவனம் 1960களின் தொடக்கத்திலிருந்து வீட்டு உபயோகத்துக்கென்று செய்துவரும் சிறிய நெம்புகோல் இயந்திரம். நண்பரின் தந்தை இத்தாலியில் வேலை முடித்துத் திரும்பியபோது கொண்டுவந்தது, பரணிலேயே பல வருடங்கள் கிடந்தது. குரோம் பூசிய பித்தளைப் பாய்லர், அதன் முன்னால் கழுத்து நீட்டிய ஒரு பித்தளைத் தலை, அதன் மேல் நீளமான கைப்பிடி. இவ்வளவுதான். ஆனால் இந்த வடிவத்துக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்செரா 1901இல் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டார். பாய்லரில் நீராவி சேரும். அந்த நீராவியின் அழுத்தம் வெந்நீரைக் காப்பித்தூளுக்குள் தள்ளும். ஒரு கோப்பை சில நொடிகளில் தயார். உரிமையை தெசிதெரியோ பவோனி வாங்கி 1905 முதல் தயாரித்தார். 1906இல் மிலானில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியில் மக்கள் அதைக் குடித்துப் பார்த்தார்கள். வேகம் கிடைத்தது, சுவை கிடைக்கவில்லை. காரணம், நீராவியின் குணம். மூடிய பாத்திரத்தில் கொதிக்கும் நீருக்கு அழுத்தமும் வெப்பநிலையும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றை ஏற்றினால் மற்றதும் ஏறும். நீராவியை மட்டும் நம்பி 9 பார் வேண்டும் என்றால் தண்ணீர் 180 டிகிரி செல்சியஸுக்குப் போகவேண்டும். நல்ல காப்பி இறங்குவதோ 90 முதல் 96 டிகிரிக்குள். அந்தக் கால இயந்திரங்கள் ஒன்றரை பார் அளவிலேயே நின்றன. அதிலேயே காப்பி கருகிய கசப்போடுதான் வந்தது.

இந்த ஒட்டைப் பிரித்தவர் அகில்லே காஜியா. மிலானில் காப்பிக்கடை வைத்திருந்தவர். நீராவி இல்லாமல் காப்பி இறக்கும் முறைக்கு 1938இல் காப்புரிமை கேட்டார். போர் முடிந்த பிறகு, 1940களின் கடைசியில், நெம்புகோலும் பிஸ்டனும் வைத்த இயந்திரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பாய்லரின் வேலை தண்ணீரைச் சூடாக்குவது மட்டும். தள்ளும் வேலை பிஸ்டனுக்கு. வெப்பம் ஒருவரிடம், அழுத்தம் இன்னொருவரிடம். காப்பியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய யோசனை வேறு இல்லை என்பது என் எண்ணம். காஜியாவின் இயந்திரத்தில் கைப்பிடியை இழுத்தால் ஒரு ஸ்பிரிங் அமுங்கும், விட்டால் அது பிஸ்டனைத் தள்ளும். யூரோபிக்கோலாவில் அந்த ஸ்பிரிங்கும் கிடையாது. நம் கைதான் ஸ்பிரிங்.

பழைய இயந்திரத்தைச் சரிசெய்வது என்றால் இந்த இரண்டு பாதிகளையும் தனித்தனியே பழைய நிலைக்குக் கொண்டுவருவது. நான் வெப்பப் பாதியிலிருந்து தொடங்கினேன்.

பாய்லரைத் திறந்தால் உள்ளே சுண்ணாம்பு. ஹீட்டர் காயில் மேல் மட்டும் முட்டை ஓட்டைவிடத் தடிமனாகப் படிந்திருந்தது. கடின நீரில் கரைந்திருப்பது கால்சியம் பைகார்பனேட். சூடு பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்துபோகும், எஞ்சும் கால்சியம் கார்பனேட் கரையமுடியாமல் படிந்துவிடும். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் படிவும் அதிகம். இந்தப் படிவு உலோகத்தைப் போல வெப்பத்தைக் கடத்தாது; காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலையே வாட்டும். பழைய ஹீட்டர்கள் பல இப்படித்தான் எரிந்துபோகின்றன.

கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம். ஊற்றியதும் நுரைத்துப் பொங்கும். இங்கேயும் கரியமில வாயுதான்: அமிலத்தில் கார்பனேட் உடைந்து அது வெளியேறுகிறது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அமிலம் களிம்பை எடுப்பது புதிதல்ல. ஆனால் ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, மேற்பரப்பு செம்பின் இளஞ்சிவப்புக்கு மாறும். அந்த நிறம் தெரிந்தால் உலோகம் வலுவிழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். நுரை நின்றதும் கொட்டிவிட வேண்டும். கடைசல் வேலைக்கான பித்தளையில் இரண்டு மூன்று சதவீதம் காரீயமும் கலந்திருப்பது வழக்கம். ஆகவே அமிலம் பட்ட பாய்லரைப் பலமுறை அலசி, முதலில் கொதிக்கவைக்கும் சில பாய்லர் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டுவது கட்டாயம். பழைய தட்டையான நார் வாஷர்களையும் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அந்தக் காலத்தில் அவற்றில் கல்நார் சேர்ப்பது உண்டு. ஈரமாக்கி எடுங்கள்.

மின்சாரப் பகுதியில் எனக்குப் பொறுமை உண்டு, துணிச்சல் கிடையாது. 220 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும் காயிலின் மின்தடை 48 ஓம் அளவில் இருக்கவேண்டும். மல்டிமீட்டர் அதைக் காட்டியபோது நிம்மதி. காயிலுக்கும் உடலுக்கும் நடுவே மின்சாரம் கசியக்கூடாது, அதை எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, மின்கசிவைக் காட்டும் மெகர் கருவியால் சோதிக்கச் செய்தேன். பழைய ஒயரைத் தூக்கிப்போட்டு, எர்த் கம்பியோடு புது ஒயர் போட்டாயிற்று. உள்ளே தண்ணீர், வெளியே முழுக்க உலோகம். எர்த் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம் வந்தது. பாய்லரில் ஒரு சிறிய பிரஷர் கேஜ் பொருத்தித் தண்ணீரைச் சூடாக்கினேன். முள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே 0.8 பாருக்கு வந்துவிட்டது. அந்த அழுத்தத்தில் நீர் 117 டிகிரியில் இருக்கவேண்டும். பால் நுரைக்கும் குழாயைத் திறந்தால் ஒரு வினாடி சீறல், அப்புறம் ஒன்றுமில்லை. முள் சரசரவென்று இறங்கியது. ஏன்? மூடும்போது பாய்லருக்குள் காற்று மாட்டிக்கொண்டது. சூட்டில் அந்தக் காற்றும் விரிந்து அழுத்தம் தருகிறது, அதோடு நீராவியின் அழுத்தமும் சேர்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 டிகிரியில் மூடிய பாய்லர் 90 டிகிரிக்கு வரும்போதே காற்றும் ஆவியும் சேர்ந்து கேஜில் 0.8 பாருக்கு மேல் காட்டிவிடும். கேஜ் சொல்வது உண்மை, அதைவைத்து நாம் ஊகிக்கும் வெப்பநிலைதான் பொய். இதற்கு மருந்து, கொதி வந்ததும் குழாயைச் சற்றுத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டு மீண்டும் மூடுவது. குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகே வெயிட் போடவேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

குக்கரின் உள்ளே இதைவிடக் கொஞ்சம் கூடுதலான அழுத்தமே இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆகவே பயப்படத் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. இந்தப் பழைய மாதிரியில் அழுத்தம் ஏறினால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் அமைப்பு கிடையாது. வேகமாகச் சூடாக்க ஒரு நிலை, சூட்டைத் தக்கவைக்க ஒரு நிலை என்று சுவிட்ச் மட்டும். கடைசிக் காவல் பாதுகாப்பு வால்வுதான். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, சரியாகத் திறக்கிறதா என்று பார்க்காமல் பாய்லரை மூடக்கூடாது.

இனி அழுத்தப் பாதி. பிஸ்டனை வெளியே எடுத்தபோது அதன் ரப்பர் வளையங்கள் கருங்கல்லாக இறுகியிருந்தன. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஆங்காங்கே கட்டுண்டு இருப்பதால்தான் அது இழுத்தால் நீண்டு திரும்புகிறது. பல வருடச் சூட்டில் அந்தக் கட்டுகள் பெருகிக்கொண்டே போக, அசைய இடமில்லாமல் ரப்பர் விறைத்துவிடுகிறது. புது வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் ஓரம் உதடு போல விரிந்திருக்கும். அந்த உதட்டுக்குள்தான் இயந்திரத்தின் ரகசியம். தண்ணீர் அழுத்தும்போது உதட்டை உருளையின் சுவரோடு சேர்த்துப் பிதுக்குகிறது. எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக அடைக்கும். கசியப் பார்க்கும் தண்ணீரே கசிவைத் தடுக்கிறது! தெரு அடிபம்பின் வாஷரும் இதே தத்துவத்தில் கிண்ண வடிவில் இருப்பதுதான். வாஷர் போய்விட்டால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாதது போலவே, இங்கே வளையம் விறைத்தால் கைப்பிடி வெறுமனே இறங்கிவிடும். உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கழற்றும் முன்பே படமெடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் அத்தனை வேலையும் வீண். உணவுக்குரிய சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி உள்ளே விட்டேன். நகம் சறுக்குவது போல இறங்கியது.

விசைக் கணக்கு இதோ. 9 பார் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 9 கிலோ எடை. பிஸ்டனின் விட்டத்தை நான்கரை சென்டிமீட்டர் என்று வைத்தால் பரப்பு 16 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 144 கிலோ. இரண்டு பெரியவர்கள் ஒரு காப்பி வில்லையின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம். நீண்ட கைப்பிடி அந்த விசையை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக்கிவிடுவதால், நம் கைக்கு வருவது 18 கிலோ அளவுதான். நிறைகுடத்தைக் கிணற்றிலிருந்து இழுத்தவர்களுக்கு இது பழகிய பாரம்.

முதல் கோப்பை எனக்கு வரவில்லை. தூள் கொரகொரப்பாக இருந்ததால் கைப்பிடி காற்றில் இறங்குவது போல இறங்கி, வெளிறிய தண்ணீர் வந்தது. அடுத்து நைசாக அரைத்தேன், கைப்பிடி அசையவே மறுத்தது. மூன்றாவது முறை, கைப்பிடியை மேலே தூக்கித் தண்ணீர் தூளில் ஊறச் சில நொடிகள் விட்டு, மெல்ல அழுத்தினேன். கைக்குள் எதிர்ப்பு தெரிந்தது. தேன் போலக் கெட்டியாக, பழுப்பும் பொன்னுமாக ஒரு இழை இறங்கியது.

மேலே நின்ற அந்த நுரைதான் க்ரேமா. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. உயர் அழுத்தத்தில் அது நீரில் கரைகிறது. வெளியே வந்து அழுத்தம் விழுந்ததும் பொடிக்குமிழிகளாகப் பிரிகிறது. கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்குவது போலத்தான். ஆனால் சோடாவின் நுரை உடனே அடங்கிவிடும். இங்கே காப்பியின் புரதங்களும் வறுக்கும்போது பிறந்த பழுப்புப் பொருள்களும் குமிழிகளைச் சுற்றிப் படலமாகி அவற்றைச் சில நிமிடங்கள் தாங்குகின்றன. ஒன்றரை பார் நீராவியால் இந்த நுரையைத் தர முடியவில்லை. காஜியாவின் இயந்திரத்துக்குப் பிறகே எஸ்பிரெஸ்ஸோ என்றால் இந்த நுரை என்றாயிற்று.

குறை ஒன்று உண்டு. 117 டிகிரியில் கிளம்பும் நீர், குளிர்ந்த கனத்த பித்தளைத் தலைக்குள் வரும்போதுதான் 90களுக்குத் தணிகிறது. அடுத்தடுத்து மூன்று கோப்பை போட்டால் தலையே சூடேறி, தணிக்கும் வேலையைச் செய்யாது. நான்காவது கோப்பை கசக்கும். விருந்தாளிகள் கூட்டமாக வந்தால் ஃபில்டர் காப்பியே மேல். காப்பி இறங்கி முடிந்ததும் தூள் வைத்த பிடியை அவசரமாகக் கழற்றாதீர்கள். உள்ளே மிச்ச அழுத்தம் இருந்தால் சுடுதூள் முகத்தில் தெறிக்கும். அரை நிமிடம் பொறுத்தால் போதும்.

இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் குரோமைப் பளபளப்பாக்க உட்காராதீர்கள். ஒயர், எர்த், பாதுகாப்பு வால்வு, வளையங்கள் என்ற வரிசையில் பாருங்கள். இந்த மாதிரி இயந்திரங்களுக்கான ரப்பர் வளையங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.