‘ஃபுளோட்’ என்னும் சொல்: மிதத்தலும் நீந்துதலும்

நீச்சலைப் பற்றிய ஆங்கிலச் சொற்களுள் ‘ஸ்விம்’ என்பதை நம் பிள்ளைகள் பள்ளியின் தொடக்க ஆண்டுகளிலேயே கற்றுக்கொள்கின்றனர். அதற்கு அடுத்த வீட்டுச் சொல் என்று கூறத்தக்கது ‘ஃபுளோட்’. இச்சொல் நீர்நிலையோடு நின்றுவிடுவதில்லை. நாளிதழின் வாணிகப் பக்கத்திலும், வங்கியிலிருந்து வரும் கடிதத்திலும், கடையின் கல்லாப் பெட்டியிலும், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும், சுதந்திர தின ஊர்வலத்திலும் அது நம்மை எதிர்கொள்கிறது. ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று வாசகர்கள் வியக்கலாம். உண்மையில் இவை யாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே. அந்த வேரைப் பற்றிக்கொண்டால் கிளைகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. மேலும், அந்த வேர்ப்பொருளை அறிந்திருப்பது நீரில் தவறி விழும் ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கவும் கூடும். ஆதலின் இச்சொல்லைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

வேர்ப்பொருள்

‘ஸ்விம்’ என்பது நீந்துதல்; ‘ஃபுளோட்’ என்பது மிதத்தல். தேசிய மொழியில் முன்னதை ‘பெரெனாங்’ என்றும், பின்னதை ‘தெராப்புங்’ என்றும் கூறுகிறோம். நீந்துதல் என்பது ஒரு செயல். கையும் காலும் உழைக்க வேண்டும். மிதத்தல் என்பது ஒரு நிலை. கீழிருந்து ஒன்று தாங்க, மேலே ஒன்று அமைந்திருத்தல். மீன் நீந்துகிறது, தாமரை இலை மிதக்கிறது. மூன்று மொழிகளிலும் இவ்வேறுபாடு தெளிவாக இருப்பினும், பேச்சில் நாம் இரண்டையும் கலந்துவிடுகிறோம். ‘என் மகனுக்கு நீச்சல் தெரியாது, ஆகவே அவன் மிதக்கவும் மாட்டான்’ என்று எண்ணும் பெற்றோர் பலர். இவ்வெண்ணம் தவறானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அம்பாங்கும் நீரும்

கோலாலம்பூரை அடுத்துள்ள அம்பாங் இச்சொல்லை விளக்குவதற்கு ஏற்ற ஊராகும். அவ்வூர்ப் பெயரே நீரோடு தொடர்புடையது. அணை என்னும் பொருள் தரும் மலாய்ச் சொல்லிலிருந்து அது தோன்றியது. 1857-ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பிவைத்தார். கோம்பாக் ஆறு கலக்கும் இடம் வரை படகில் வந்த அவர்கள், அங்கிருந்து காட்டின் ஊடே நடந்து அம்பாங்கை அடைந்தனர். ஒரு திங்கள் கழிவதற்குள் அவர்களுள் 69 பேர் பெரும்பாலும் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோர் 18 பேரே. ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை. மேலும் ஆட்கள் வந்தனர், ஈயம் கிடைத்தது, கோலாலம்பூர் என்னும் நகரமும் உருவாயிற்று.

ஈயம் எடுக்கும் தொழிலே மிதத்தலுக்கும் அமிழ்தலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம்பி நடந்ததாகும். நம் நாட்டில் ஈயம் என்று வழங்கும் வெள்ளீயத்தின் தாதுமணல், சாதாரண மணலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. மண்ணை நீரோடு கலந்து ‘பாலோங்’ என்னும் சரிவான மரவாய்க்காலில் ஓடவிட்டால், மணலும் சேறும் நீரோடு அடித்துச் செல்லப்படும். ஈயத் தாது அடியில் தங்கிவிடும். ‘டூலாங்’ என்னும் மரத்தட்டில் மணலைச் சுழற்றி அலசிய பெண்களும் இதே முறையைத்தான் கையாண்டனர்.

கனமான பொருள் மூழ்கும் என்றால், இரும்புக் கப்பல் எவ்வாறு மிதக்கிறது? இதற்கும் ஈயத் தொழிலிலேயே விடை உண்டு. பேராக் மாநிலத்தின் தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்டு, 1982 வரை இயங்கிய ஈயக் கப்பலை இன்றும் காணலாம். அதன் எடை 4,500 டன். இத்துணைப் பெரிய இரும்பு மாளிகை ஒரு குட்டையில் மிதந்துகொண்டே அடிமண்ணைத் தோண்டியது. அதன் அடித்தளம் உள்ளே வெற்றிடம் கொண்ட பெரும்பெட்டியாக அமைந்திருந்ததே காரணம். ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கித் தள்ளுமாயின் நீர் அதைத் தாங்கும் என்பது, கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடிசு கண்ட உண்மை. இரும்புக் குண்டு சிறிதளவு நீரையே ஒதுக்குகிறது, அதனால் மூழ்குகிறது. அதே இரும்பை அகன்ற பெட்டியாகச் செய்தால் மிகுதியான நீரை ஒதுக்குகிறது, அதனால் மிதக்கிறது.

நம் வீட்டுச் சன்னல் கண்ணாடிக்கும் இச்சொல்லோடு உறவுண்டு. இன்று உலகெங்கும் சன்னல்களுக்குப் பயன்படும் கண்ணாடியில் பெரும்பகுதி ‘ஃபுளோட் கண்ணாடி’ என்றே பெயர் பெறுகிறது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1950-களில் உருவாக்கி 1959-இல் உலகுக்கு அறிவித்த முறை அது. உருகிய கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின்மீது ஊற்றுகின்றனர். கண்ணாடி இலேசானது, ஈயம் கனமானது. எனவே நீர்மேல் எண்ணெய்போலக் கண்ணாடி ஈயத்தின்மேல் பரவி மிதந்து, இருபுறமும் வழுவழுப்பான பலகையாக இறுகிவிடுகிறது. நீரில் மூழ்கும் ஈயமே இங்கு மற்றொன்றை மிதக்கச் செய்கிறது!

வீட்டிலும் வீதியிலும்

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியினுள் ஒரு கம்பியின் முனையில் பந்து ஒன்று மிதக்கிறதன்றோ? அதுவும் ‘ஃபுளோட்’டே. நீர் உயர உயரப் பந்தும் உயர்ந்து குழாயை அடைத்துவிடும். நீர் தாழ்ந்தால் பந்தும் தாழ்ந்து குழாய் திறக்கும். தூண்டிலில் கட்டும் தக்கையும் இப்பெயரே பெறும். நம் கோயில்களில் நடைபெறும் தெப்பத் திருவிழாவை ஆங்கிலத்தில் ‘ஃபுளோட்’ திருவிழா என்கின்றனர். மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று நடைபெறும் விழா இப்பெயரால் உலகப் புகழ் பெற்றது. ஊர்வலங்களில் அலங்கரிக்கப்பட்டு வரும் வாகனத்தையும் ஆங்கிலத்தில் இச்சொல்லாலேயே குறிக்கின்றனர். தேசிய மொழியில் அதை ‘கெரேத்தா பெர்ஹியாஸ்’ என்கிறோம். அது நீரில் மிதப்பதில்லை. ஆயினும் மக்கள் வெள்ளத்தின் நடுவே மிதந்து வருவதுபோல் தோன்றுவதை நினைத்தால் பெயர் பொருத்தமாகவே படும்.

பணத்தில் மிதத்தல்

கடைக்காரர் காலையில் கல்லாப் பெட்டியில் போட்டுவைக்கும் சில்லறைக்கும் ‘ஃபுளோட்’ என்று பெயர். அது வருமானம் அன்று. அன்றைய வாணிகத்தைத் தாங்கும் அடிப்பணம். மாலையில் கணக்குப் பார்க்கும்போது அத்தொகையைக் கழித்த பின்னரே விற்பனையைக் கணக்கிட வேண்டும். கடையில் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் இதை அறிந்திருப்பது நன்று.

நாட்டின் நாணயத்தையும் மிதக்க விடுவதுண்டு. 1973 ஜூன் திங்களில் மலேசிய வெள்ளி மிதக்க விடப்பட்டது. அதாவது, அதன் மதிப்பு ஓர் எண்ணோடு கட்டப்படாமல், சந்தையின் தேவைக்கேற்ப ஏறவும் இறங்கவும் விடப்பட்டது. ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1998 செப்டம்பரில், அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 3 வெள்ளி 80 காசு என்று அது கட்டி நிறுத்தப்பட்டது. 2005 ஜூலை 21-இல் அக்கட்டு அவிழ்க்கப்பட்டு, மத்திய வங்கியின் கண்காணிப்போடு மீண்டும் மிதக்கலாயிற்று.

வீட்டுக்கடன் பெறுவோர் இச்சொல்லைக் கடன் பத்திரத்திலும் காண்பர். ‘ஃபுளோட்டிங்’ வட்டி என்றால் மாறும் வட்டி. மத்திய வங்கியின் அடிப்படைக் கொள்கை வட்டி 2020 ஜூலையில் நூற்றுக்கு 1.75 ஆகக் குறைந்தது. 2022 மே முதல் படிப்படியாக ஏறி 2023 மே திங்களில் 3.00 ஆயிற்று. அதற்கேற்ப மாறும் வட்டியில் கடன் பெற்றோரின் செலவும் ஏறியது. ‘இன்றைய தவணை இவ்வளவுதான்’ என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவோர், நீர்மட்டம் உயர்ந்தால் தவணையும் உயரும் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் பங்குகளை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்பதும் ‘ஃபுளோட்’ எனப்படும். செம்பனைத் தொழிலில் ஈடுபட்ட பெல்டா குளோபல் வெஞ்சர்ஸ் நிறுவனம் 2012 ஜூன் 28-இல் இவ்வாறு பங்குச் சந்தையில் இறங்கியது. பிற்காலத்தில் அதன் பங்குவிலை வெளியீட்டு விலைக்கு மிகவும் கீழே தாழ்ந்தது. மிதக்க விடப்பட்ட எதுவும் தாழவும் கூடும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மிதக்கும் பொருள் எதுவாயினும் அதைக் கீழிருந்து தாங்குவது ஒன்று உண்டு. கப்பலை நீர் தாங்குகிறது. கண்ணாடியை ஈயம் தாங்குகிறது. நாணயத்தைச் சந்தையின் நம்பிக்கை தாங்குகிறது. எனவே இச்சொல்லை எங்குக் கண்டாலும், ‘இதைத் தாங்குவது எது?’ என்று கேட்டுப் பார்த்தால் பொருள் தானே விளங்கும்.

உயிர் காக்கும் பொருள்

இனி, மனித உடலுக்கு வருவோம். அம்பாங் வட்டாரத்திலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற இடங்களிலும் ஈயம் எடுத்த குழிகள் நீர் நிரம்பிக் குட்டைகளாயின. சில இன்று அழகிய பூங்காக்களாகிவிட்டன. கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரிப் பூங்கா அவ்வாறு தோன்றியதே. வேலியின்றிக் கிடக்கும் ஈயக் குட்டைகளோ ஆபத்தானவை. குளம்போல் அவை மெல்ல ஆழமாவதில்லை. கரையிலிருந்து இரண்டடி வைத்ததும் ஆளை விழுங்கும் ஆழம் வரலாம். அடியில் காலைப் பற்றும் சேறும் உண்டு. மலையோர ஆறுகளில் வேறோர் ஆபத்து உள்ளது. மேலே காட்டில் பெய்யும் மழையால் திடீரெனப் பாய்ந்து வரும் நீரைத் தேசிய மொழியில் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் சிறுவர் மிகுதி.

நீரில் விழுந்தவர் பலரையும் மூழ்கடிப்பது ஆழத்தைவிட அச்சமே. அச்சத்தால் கைகளை மேலே தூக்கி உதறும்போது உடல் கீழே செல்கிறது. வாய்வழி நீர் புகுகிறது. நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது பெரும்பாலோரின் உடல் நீரைவிடச் சற்றே இலேசானது. ஈயக் கப்பலின் வெற்றுப்பெட்டி செய்யும் வேலையை நம் மார்புக்கூடு செய்கிறது. ஆகவே நீந்தத் தெரியாதவருக்கும் மிதத்தல் கைகூடும். அதைப் பயிலும் முறை பின்வருமாறு:

முதலில் மல்லாந்து படுக்க வேண்டும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காதுகள் நீருக்குள் இருக்குமாறு விட வேண்டும். தலையைத் தூக்கினால் உடல் அமிழும். கைகளையும் கால்களையும் அகல விரித்து, உடலைத் தளர்த்தி, இயல்பாக மூச்சுவிட வேண்டும். கைகளை நீருக்குள்ளேயே மெல்ல அசைக்கலாம். கால்கள் சிறிது தாழ்ந்தால் கவலையில்லை. மூக்கும் வாயும் மேலே இருந்தால் போதும். அச்சம் தணிந்த பின்னரே உதவிக்குக் குரல் கொடுக்கவோ கரையை நோக்கிச் செல்லவோ முயல வேண்டும். எல்லார் உடலும் ஒரே அளவில் மிதப்பதில்லை. ஆதலின் இதைப் பாதுகாப்பான நீச்சல் குளத்தில், பயிற்றுநரின் கண்பார்வையில் மட்டுமே பழக வேண்டும். ஈயக் குட்டை பயிற்சிக்குரிய இடமன்று.

கரையில் இருப்போர்க்கும் கடமை உண்டு. மூழ்குபவரைக் காக்க எண்ணிப் பயிற்சியற்றவர் குதித்தால் இரண்டு உயிர்களும் போகலாம். ‘நீட்டு, வீசு, குதிக்காதே’ என்பதே விதி. கழியையோ துண்டையோ நீட்டலாம், கயிற்றை வீசலாம். 5 லிட்டர் கொள்ளும் காலியான எண்ணெய்ப் புட்டியை இறுக மூடி வீசினால், அது ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தாங்கும். ஒருவரின் தலையை நீருக்குமேல் நிறுத்த அது போதுமானது. உடனே 999 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். காற்றடைத்த விளையாட்டு வளையங்களை மட்டும் நம்பிக் குழந்தையை விட்டு அகல்வது தகாது, அவை விளையாட்டுக்குரியவை.

நம் முன்னோர் தமிழகக் கிணறுகளிலும் குளங்களிலும் காய்ந்த சுரைக்குடுக்கையைப் பிள்ளைகளின் இடுப்பில் கட்டி, முதலில் மிதக்கவும் பின்னர் நீந்தவும் பழக்கினர். அவர்களே ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்றும் கூறினர். இக்கட்டுரையில் எழுதப்பட்டதும் ஏட்டுச் சுரைக்காயே. பெற்றோரும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் முயன்று, வரும் பள்ளி விடுமுறையில் அருகிலுள்ள பொது நீச்சல் குளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்களாக. நீச்சல் பிறகு வரட்டும். ‘ஃபுளோட்’ என்னும் சொல்லின் பொருளை நம் பிள்ளைகளின் உடல் முதலில் கற்றுக்கொள்ளட்டும்.