வெளியூர்ப் பிள்ளைகள் உண்டாக்கிய பல்கலைக்கழகம்

மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர், இந்தப் பக்கம் மாணவி. பின்வரிசை நாற்காலிகளில் அடுத்தடுத்துக் காத்திருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். கால்மணி நேரம் கேள்வியும் பதிலுமாகப் போகிறது. முடிந்ததும் பேராசிரியர், "இருபத்துநான்கு தருகிறேன். ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறார். முப்பதுக்கு இருபத்துநான்கு. மாணவி ஒரு நொடி யோசித்துவிட்டு, "இல்லை, மறுபடி வருகிறேன்" என்கிறார். பேராசிரியர் தலையசைக்கிறார். அடுத்தவர் வந்து உட்காருகிறார்.

இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் தேர்வுக் காலத்தில் இது சாதாரணமாக நடப்பது. அங்கே 18 எடுத்தால் தேர்ச்சி, உச்சம் 30, அசத்திவிட்டால் அதற்கு மேலே 'லோதே' என்று ஒரு சிறப்புப் பாராட்டு. வந்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் ஒருமுறையாவது மறுக்கலாம். அது அரியர் ஆகாது, யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். வாய்மொழித் தேர்வு எல்லார் முன்னிலையிலும் நடக்க வேண்டும் என்பதும் விதி. வைவா என்றாலே கைகால் உதறும் நம் பிள்ளைகளுக்கு இது முதலில் பெரிய பயம். ஆனால் கதவு திறந்திருப்பதில் ஒரு லாபம் உண்டு. தன் தேர்வுக்கு முந்தைய தவணையிலேயே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, அந்தப் பேராசிரியர் எப்படிக் கேட்கிறார், எந்த இடத்தில் குடைகிறார் என்று பார்த்துவிட்டு வரலாம். இத்தாலிய மாணவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களில் பலர் கூச்சத்தில் வாசலோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்தக் கூச்சத்துக்கு அங்கே இடமே இல்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது.

பொலோனியா தொடங்கிய ஆண்டாகச் சொல்லப்படுவது 1088. இதுகூடப் பிற்காலத்தில், 19-ம் நூற்றாண்டில், கவிஞர் ஜொசுவே கார்துச்சி தலைமையிலான குழு குறித்துக்கொடுத்த ஆண்டுதான். அரசர் யாரும் அடிக்கல் நாட்டவில்லை. ரோமச் சட்டம் படிப்பதற்காக ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து இளைஞர்கள் இந்த ஊருக்கு வந்து ஆசிரியர்களைத் தேடிப்பிடித்தார்கள். அந்நிய ஊரில் அவர்களுக்குப் பாதுகாப்பில்லை. சொந்த நாட்டுக்காரன் எவனோ வைத்த கடனுக்கு இவர்களைப் பிடித்து வசூலிப்பது அன்றைய வழக்கம். 12-ம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா அதைத் தடைசெய்து, கல்விக்காகப் பயணம் செய்பவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தார். மாணவர்களும் சும்மா இருக்கவில்லை, சங்கம் கட்டினார்கள். அந்தச் சங்கத்தின் பெயர்தான் 'உனிவெர்சிதாஸ்'. பல்கலைக்கழகத்துக்கு உலகம் இன்று வழங்கும் சொல் அதிலிருந்து வந்தது.

ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சங்கம், இத்தாலியின் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கம். பொலோனியாவின் சொந்தப் பிள்ளைகளுக்கு அவற்றில் உறுப்பினர் இடமே கிடையாது. ஊர் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்பது நியாயம். ஆசிரியரை அமர்த்தியதும் சம்பளம் பேசியதும் மாணவர்களே. மணி அடித்தபின் தாமதமாக வந்தாலும், கடினமான பகுதியைத் தாண்டிப் போனாலும் ஆசிரியருக்கு அபராதம். ஊரைவிட்டு வெளியே போகவும் மாணவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

ஆசிரியர் சம்பளத்தை நகராட்சி ஏற்றுக்கொண்டபோது அந்த அதிகாரம் படிப்படியாகக் கரைந்தது. ஆனாலும் வெளியூர் மாணவனை இங்கே வெறும் விருந்தாளி என்று சொல்ல முடியாது. இந்த வீட்டுக்கு முதல் கல்லை எடுத்துவைத்தவனே அவன்தான்.

உரிமை கொண்டாடுவது என்றால் முதலில் காகிதம். இத்தாலியில் இறங்கிய எட்டு வேலைநாட்களுக்குள் தபால் நிலையத்தில் குடியிருப்பு அனுமதிக்கான விண்ணப்ப உறையை வாங்கி நிரப்பிக் கொடுக்க வேண்டும். அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்த ரசீதுதான் சாட்சி, அதைத் தொலைக்கக் கூடாது. கட்டணமும் உதவித்தொகையும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தவை. மாநில அமைப்பான எர்கோ தரும் உதவித்தொகைக்கு வருமானச் சான்று, சொத்துச் சான்று எல்லாம் மொழிபெயர்த்து, முறைப்படி முத்திரை வாங்கியிருக்க வேண்டும். இதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அங்கே போய்விட்டு அப்பாவைத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவிடுபவர்கள் கடைசித் தேதியைக் கோட்டைவிடுகிறார்கள். வீடு கிடைப்பதும் லேசில்லை. வாடகை கடுமை, அறைகள் குறைவு. நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பவே கூடாது. இன்னொன்று: பொலோனியா பல்கலைக்கழகம் என்று அனுமதிக் கடிதம் வந்தாலும், படிப்பு ரிமினி, ராவென்னா, செசேனா, ஃபொர்லி நகரங்களில் ஒன்றில் இருக்கலாம். அதைப் பார்க்காமல் பொலோனியாவில் அறை பிடித்துவிட்டு நூறு கிலோமீட்டர் ரயிலில் அலைவது பெரிய பாடு.

அடுத்தது மொழி. பாடம் ஆங்கிலத்தில்தானே என்று இத்தாலிய மொழியை ஒதுக்கிவைப்பதைப் போன்ற நஷ்டம் வேறில்லை. பல்கலைக்கழக மொழி மையமே வகுப்பு நடத்துகிறது. ரொட்டிக்கடையில் பேசவும், பகுதிநேர வேலை தேடவும் அது வேண்டும். மாணவர் விசாவில் வாரம் இருபது மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

வகுப்பு முடிந்தபின் கிடைப்பது இன்னும் பெரிது. ஒவ்வொரு பேராசிரியரும் மாணவர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குகிறார், 'ரிசெவிமெந்தோ' என்பார்கள். சந்தேகத்தோடு போகலாம், ஆய்வுக்கு யோசனையோடும் போகலாம். ஒரு கிரெடிட் என்றால் 25 மணி நேர உழைப்பு, ஆண்டுக்கு 60 கிரெடிட் என்பது கணக்கு. அந்த மணிநேரத்தில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியே செலவாக வேண்டியது.

இதற்கு வானியலாளர் கோப்பர்நிக்கஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. போலந்திலிருந்து 1496-ல் அவர் பொலோனியாவுக்கு வந்தது திருச்சபைச் சட்டம் படிக்க. தங்கியது தொமெனிக்கோ மரியா நொவாரா என்ற வானியல் பேராசிரியர் வீட்டில். 1497 மார்ச் 9 இரவு ரோகிணி நட்சத்திரத்தை நிலவு மறைப்பதைக் கவனித்துக் குறித்துவைத்தார். பல ஆண்டுகள் கழித்து எழுதிய தம் பெருநூலில் அந்தக் குறிப்பைப் பயன்படுத்தினார். சட்டப் பட்டத்தைக்கூடப் பின்னர் ஃபெராரா நகரில்தான் வாங்கினார். பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைத்தான் பொலோனியா அவருக்குக் கொடுத்தது.

இன்றைக்கும் அப்படிக் கொடுப்பதற்கு அந்த ஊரிடம் நிறைய இருக்கிறது. சம்போனி தெருவில் உள்ள போஜ்ஜி மாளிகையில், 18-ம் நூற்றாண்டில் அன்னா மொராந்தி மெழுகில் செய்த உடலுறுப்பு மாதிரிகள் இருக்கின்றன. கண்ணைச் சுழற்றும் தசைகள் தனித்தனியாகத் தெரியும். 1732-ல் லாவுரா பாஸ்ஸி என்ற பெண் பட்டம் வாங்கி ஆசிரியரானதும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். சலபோர்சா பொது நூலகத்தில் கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானிய நகரத்தின் அஸ்திவாரம் கிடக்கிறது. மழையிலும் வெயிலிலும் தூண் வைத்த தாழ்வாரங்களுக்கு அடியிலேயே நடந்து ஊரைச் சுற்றலாம். மேஜோரே சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு வளைவுக்கூடம். அதன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் எதிர்மூலையில் நிற்பவர் காதில் தெளிவாக விழும்.

முதல் வாரத்திலேயே போக வேண்டிய இடம் ஆர்க்கிஜின்னாசியோ. 1563 முதல் 1803 வரை பல்கலைக்கழகம் இயங்கிய கட்டடம், இப்போது நகர நூலகம். உடலை அறுத்துப் பாடம் நடத்திய மர அரங்கு 1944 ஜனவரி 29-ல் குண்டுவீச்சில் நொறுங்கியது. இடிபாட்டிலிருந்து பொறுக்கிய துண்டுகளைச் சேர்த்து மறுபடி எழுப்பினார்கள். அங்கே போகும் மாடிப்படியிலும் சுவரிலும் கூரையிலும் சுமார் 6,000 சின்னங்கள். மாணவர் சங்கங்களில் பொறுப்பு வகித்தவர்களின் குடும்பச் சின்னம், கூடவே பெயர், வந்த ஊர். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் கழுத்து வலிக்கும்.

97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தின் 498 படிகளைப் பட்டம் வாங்குமுன் ஏறினால் பட்டம் கிடைக்காது என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை. பட்டம் வாங்கும் நாளில் தலையில் லாரல் இலை வளையத்தோடு சம்போனி தெருவில் வருபவரை நண்பர்கள் சுற்றிநின்று பாடுகிறார்கள், வழியில் போகிற முன்பின் தெரியாதவர்களும் நின்று, பட்டதாரியை அழைக்கும் சொல்லாலேயே வாழ்த்துகிறார்கள்: "தொத்தோரெ! தொத்தொரேஸ்ஸா!"