அழித்த ஃபைல் எங்கே போகிறது?

பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன் எல்லா ஃபைல்களையும் அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். மறுவாரமே வாங்கியவர் போன் செய்தார். "சார், ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். உங்க அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அப்படியே வருதே!" நல்லவர், அழித்துவிட்டார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

காரணம் ஹார்ட் டிஸ்க்கின் காந்தம்தான்.

ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். 'ஸ்பின்' என்ற பண்பால் வருவது இது. இரண்டு எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்தால் ஒன்றின் காந்தத்தை மற்றது ரத்து செய்துவிடும். தாமிரத்தில் '3டி' என்ற கூட்டில் 10 எலெக்ட்ரான்களும் நிரம்பி, எல்லாம் ஜோடியாக உள்ளன. எனவே தாமிரக் கம்பியில் காந்தம் ஒட்டாது. இரும்பு அணுவிலோ அந்தக் கூட்டில் 6 எலெக்ட்ரான்கள்தான். 4 தனியாக நிற்கின்றன.

தனியாக நின்றால் மட்டும் போதாது. குரோமியத்திலும் தனி எலெக்ட்ரான்கள் உண்டு. ஆனால் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் எதிரெதிர் திசையில் நிற்பதால் பலன் இல்லை. இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றிலும் அவை ஒரே திசையில் அணிவகுக்கின்றன. இப்படி நிற்க வைக்கும் விசையை 1928ல் ஹைசன்பர்க் விளக்கினார். இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் இந்த அணிவகுப்பு கலைந்துவிடும்.

1956ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் இரும்பு ஆக்ஸைடு பூச்சு இருந்தது. கொள்ளளவு சுமார் 5 எம்பி! இன்றைய தட்டுகளில் கோபால்ட் கலவை. காந்தத் திசையை மாற்றி மாற்றித்தான் 0, 1 பதிவாகின்றன. மின்சாரம் நின்றாலும் திசை மாறாது.

ஃபைலை டெலீட் செய்யும்போது விண்டோஸ் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காந்தங்கள் திரும்புவதில்லை. வேறு ஃபைல் அதே இடத்தில் பதிவாகும்வரை பழையது அங்கேயே இருக்கும்.

எனவே, தவறுதலாக ஒரு ஃபைலை அழித்துவிட்டால் அந்த டிரைவில் எதையும் சேமிக்காதீர்கள். ரெக்கவரி சாஃப்ட்வேரையும் வேறு டிரைவில் நிறுவுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை விற்பதானால் தேவையானவற்றை காப்பி எடுத்துக்கொண்டு, 'குயிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள். விஸ்டாவுக்குப் பின் வந்த விண்டோஸ்களில் இது தட்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதும். எஸ்எஸ்டியில் காந்தம் இல்லை. தகவல் மின்னூட்டமாக இருக்கிறது. அதற்குத் தயாரிப்பாளர் தரும் 'செக்யூர் இரேஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள்.