சிசிலியிலிருந்து வரும் பொதி

பலெர்மோ நகரத்துத் தமிழர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், புனித ரொசாலியாவை வணங்க அவர்கள் மோன்தே பெல்லெக்ரினோ மலை ஏறுவதைச் சொல்லாமல் விடுவதில்லை. அவர்களுக்கு இரண்டாம் தாயகமாகிவிட்ட அந்தச் சிசிலித் தீவு, கணினி உலகத்துக்கும் ஓர் அரிய கொடையை அளித்திருக்கிறது. காம்போபெல்லோ தி லிகாத்தா என்னும் சிற்றூரில் பிறந்த சல்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட ரெடிஸ் என்னும் தரவுத்தள மென்பொருள், பெரிய நிறுவனங்களின் இயந்திரங்களில் ஓடுவதோடு, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னும் லினக்ஸ் கணினியிலும் ஒரே கட்டளையால் வந்து அமர்கிறது.

அந்த ஒரு கட்டளைக்குப் பின்னால் பலருடைய உழைப்பு நிற்கிறது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தின் தொண்டர்கள், ஒவ்வொரு மென்பொருளையும் பரிசோதித்து, அது இயங்குவதற்கு வேறு எவையெவை வேண்டும் என்னும் ஜாபிதாவையும் உடன்சேர்த்து, பொதியாகக் கட்டிப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கிறார்கள். நாம் ரெடிஸைக் கேட்டால், ஆப்ட் என்னும் கருவி அந்த ஜாபிதாவைப் படித்து, துணைப் பொதிகளையும் கிரமமாகத் தருவித்து நிறுவிவிடுகிறது.

சிறு கணினிக்கு இந்தச் சௌகரியம் எளிதில் கிட்டிவிடவில்லை. 2012இல் விற்பனைக்கு வந்த முதல் ராஸ்பெரி பையின் பிராசஸர் ஏஆர்எம் ஆறாம் வகை. டெபியனின் விரைவான பதிப்போ ஏழாம் வகையை எதிர்பார்த்தது. மைக் தாம்சனும் பீட்டர் கிரீனும் முன்னின்று, ஆயிரக்கணக்கான பொதிகளை அந்த எளிய பிராசஸருக்கு ஏற்பத் திரும்பக் கட்டி, ராஸ்பியன் என்னும் இயங்குதளத்தை உருவாக்கினார்கள். சான்ஃபிலிப்போவும் 2017இல் ரெடிஸைத் திருத்தியமைத்து, நான்காம் பதிப்பு முதல் ராஸ்பெரி பையை அதன் பிரதான தளங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டார். மலிவான இயந்திரம் வைத்திருப்பவனையும் மதித்துச் செய்த இந்தக் காரியத்தை நான் பெரிய தர்மமாகவே கருதுகிறேன்.

இனி, புதுப்பித்தல். 'ஆப்ட் அப்டேட்' என்பது களஞ்சியத்தின் பட்டியலை மட்டுமே புதிதாகக் கொண்டுவரும்; பொதிகளை உண்மையில் மாற்றுவது அதற்குப் பின் இடவேண்டிய 'ஆப்ட் அப்கிரேட்'. முதலாவதோடு நின்றுவிடுகிறவர்கள் பலர். வழியில் எவரேனும் பொதியை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்னும் ஐயத்துக்கும் சமாதானம் உண்டு. களஞ்சியத்தின் தலைப்பட்டியலில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அதற்குள் மற்றப் பட்டியல்களின் கணித முத்திரைகளும், அவற்றுக்குள் ஒவ்வொரு பொதியின் முத்திரையும் அடங்கியிருப்பதால், ஓர் எழுத்து பிசகினாலும் ஆப்ட் அதை நிராகரித்துவிடும்.

ஆகவே, முன்பின் அறியாத தளங்களில் கிடைப்பதை நிறுவாமல், களஞ்சியத்தையே நாடுவது உத்தமம். மேம்படுத்துமுன் ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மின்சாரம் போனால் கார்டே பழுதாகக்கூடும்.

பலெர்மோவில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: இத்தாலிய லினக்ஸ் சங்கத்தின் முயற்சியால் 2001 முதல் இத்தாலிய நகரங்களில், பெரும்பாலும் அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், லினக்ஸ் தினம் கொண்டாடப்படுகிறது, அனுமதி இலவசம். உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.